எட்னாவின் கைத்தடி

கல்பாரிக் கடற்கரையில் டெய்லர் மீன் கிளம்பிவிட்டால் கிளைவ் ஹானரனுக்கு வீடு வாசல் மறந்துபோகும். கடையில் விற்கும் தூண்டில் இரையைக் கையால் தொடமாட்டார். எவர்சில்வர் குழாயைத் துண்டாக அறுத்து, உள்ளே ஈயத்தை உருக்கி ஊற்றி, முள் மாட்டி, அலைக்கு அப்பால் வீசுவார். தண்ணீரில் அது குட்டி மீனாக மின்னும். ஆனால் டெய்லருக்கு வாயெல்லாம் கத்தரி. தூண்டில் நரம்பை நறுக்கிவிட்டு இரையோடு போய்விடும்.

குளியலறையில் துண்டு மாட்டும் குழாய் இப்படித்தான் கடலுக்குப் போனது. பின்னாலேயே ஜன்னல் திரைக்கம்பியும் போனது. மிச்சம் இருந்தது மாமியார் எட்னாவின் எவர்சில்வர் கைத்தடி. அடியில் கொஞ்சம் அறுத்து ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

மூன்றாவது முறை அறுத்தபின் எட்னா கூப்பிட்டார்.

“என்ன மாப்ள, கம்பு தரையைத் தொடமாட்டேங்குது?”

“நீங்க வளர்றீங்க அத்தை.”

“எண்பது வயசுலயா?”

“சில பேருக்கு லேட்டாத்தான் வரும்.”

எட்னா அன்று பொரித்த டெய்லரில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து புதுத் தடி வந்தது. ரம்பத்தைக்கூடக் கீழே வைக்காமல் ஓடிவந்து உறையைப் பிரித்த கிளைவின் முகம் தொங்கிப்போனது.

“மரமா?”

“நான்தான் கேட்டு வாங்கினேன்,” என்றார் எட்னா. “எங்க வீட்ல எவர்சில்வரை மீன் தின்னுடுது, மரமாப் பாத்துக் குடும்மான்னு நர்ஸ்கிட்ட சொன்னேன்.”