கொடிக்கம்பத்தடியில் நிற்பது நான்தான்

எங்கள் உயர்நிலைப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதைக் கொண்டாடக் கிளம்பிய முன்னாள் மாணவர்கள்தான் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார்கள்.

விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டது. டி-சட்டைக்கு என்ன நிறம் என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். மஞ்சள் வென்றது. மஞ்சள் வென்றது சரியா என்று மறுநாள் இன்னொரு வாக்கெடுப்பு. பழைய கேன்டீனில் விற்ற மீ சியாம் நூடுல்ஸ் புதுக் கேன்டீனிலும் கிடைக்குமா என்று ஒருவர் கேட்கப்போய், அது மீ சியாமே இல்லை, மீ ரெபுஸ் என்று மூன்று நாள் சண்டை. காலையில் தீவின் வடக்கே ஈசூனிலிருந்து கிழக்கே தெம்பனிஸுக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் இந்தச் செய்திகளை அழிப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

அப்படி அழித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்தப் படம் வந்தது.

புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு நீளமான சுவர் முழுக்கப் பழைய படங்களைப் பெரிதாக்கி ஒட்டப் போகிறார்களாம். மாதிரிக்கு நான்கைந்து போட்டிருந்தார்கள். ஒன்றில் ஒரு மாணவி காலை அணிவகுப்பில் கொடியேற்றிக்கொண்டிருக்கிறாள். கொடியை அண்ணாந்து பார்ப்பதால் முகத்தில் பாதிக்குமேல் தெரியவில்லை. கறுப்பு நிறம், முதுகில் ஒற்றைப் பின்னல், இரண்டு கையும் கயிற்றில். பேருந்தில் உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்துவிட்டேன். நான்!

விரலால் படத்தை மேலே தள்ளிப் பார்த்தேன். கீழே இன்னொருத்தியின் பெயர் இருந்தது.

இன்னொருத்தி யாரென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி, அவள் ஒருத்தி. இருவரும் ஒரே உயரம், இருவருக்கும் நீளப் பின்னல். வகுப்பாசிரியை நான்கு ஆண்டும் என்னை அவள் பெயரிலும் அவளை என் பெயரிலும் கூப்பிட்டார். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போவாள். நான் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி, "டீச்சர், அது நானில்லை" என்பேன். அவள் அப்பா வழக்கறிஞர். சட்டைமேல் போடும் சீருடைப் பாவாடையான பினஃபோர் அவளுக்கு ஆண்டுதோறும் புதிது. எனக்கு முதலாம் ஆண்டில் வாங்கிய ஒன்றுதான். வளர வளர அம்மா அடி மடிப்பைப் பிரித்துவிடுவார். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலப் பட்டையாக நிற்கும். "எம்ஆர்டி ரயில் லைன் மாதிரி இருக்கு லா. நீ எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?" என்று ஒரு நாள் கேட்டவள் அவள்தான். மூன்றாம் ஆண்டில் இருவரும் மாணவத் தலைவர்கள். அந்த ஆண்டு முழுக்கக் கொடியேற்றுவது ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான்.

அந்தக் கொடி எனக்கு எவ்வளவு பெரிது என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். கையெழுத்து மட்டும் போடுவார். லிட்டில் இந்தியாவில் ஒரு பிளவுஸ் தைக்கும் கடையில் வேலை செய்யும் அம்மாவுக்கு அதுவும் வராது. அவருக்குத் தெரிந்த எழுத்துகள் என் பெயரில் இருப்பவை மட்டும்தான். சீருடையில் பெயர்ப்பட்டி தைத்துத் தைத்து, ஆங்கிலத்தில் என் பெயர் எப்படி இருக்கும் என்று மனப்பாடம். அந்தப் பெயரை ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் அம்மா பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காகச் சண்டைக்குப் போனேன்.

சுவருக்குப் பொறுப்பானவர் எங்களைவிடப் பதினைந்து ஆண்டு மூத்த முன்னாள் மாணவர். தமிழர். குழுவில் எல்லாரும் அவரை அண்ணன் என்பார்கள். மதிய உணவு நேரத்தில் அழைத்தேன்.

"அண்ணே, கொடி ஏத்துற படத்துல இருக்குறது நான். பேரு தப்பா இருக்கு."

"படத்துக்குப் பின்னாடி உங்க டீச்சர் பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க தங்கச்சி. நானா எழுதல லா."

"அந்த டீச்சரா! எங்க ரெண்டு பேரையும் நாலு வருஷமா மாத்தி மாத்திக் கூப்பிட்டவங்க அண்ணே அவங்க."

"அப்ப பாதி நாளாவது சரியாக் கூப்பிட்டிருப்பாங்கல்ல?"

இவரிடம் என்ன பேசுவது? இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு படிவம் அனுப்பினார். பெயர் திருத்தக் கோரிக்கையாம். அவரே தயாரித்தது. காரணம், ஆதாரம், குறைந்தது இரண்டு சாட்சிகள். பள்ளியில் படித்தபோதுகூட இவ்வளவு படிவம் நிரப்பியதில்லை.

ஆனால் ஆதாரம் என்றால் அது என் தொழில். காப்புறுதி நிறுவனத்தில் எனக்கு வேலையே, இழப்பீடு கேட்டு மக்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து எது உண்மை, எது இல்லை என்று சொல்வதுதான். உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். கயிற்றில் இடது கை மேலே இருக்கிறது, நான் இடக்கைக்காரி. அதைச் சிவப்பு வட்டமிட்டேன். பின்னலின் நீளத்துக்கு ஒரு வட்டம். காதுக்கு ஒன்று. பிறகு குழுவில் கேட்டேன்: "இது நான்தானே?" பழைய வகுப்புத் தோழர்கள் ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். "கன்ஃபர்ம் நீதான்" என்று ஒருத்தி இதயம் வேறு போட்டாள். இன்னொருத்தியும் செய்தியைப் பார்த்தாள். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. குற்றவுணர்ச்சி என்று முடிவு செய்துகொண்டேன்.

அண்ணன் மூன்று வாரம் இழுத்தார். முதலில் அச்சுக்குப் போய்விட்டது என்றார். பிறகு படம்தான் போயிருக்கிறது, பெயரட்டை தனி என்றார். பிறகு அட்டையும் போய்விட்டது என்றார். நான் நாளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். கடைசியில் ஒரு மாலை, "சரி தங்கச்சி, நீயே ஜெயிச்சுக்க" என்று எழுதி, என் பெயர் போட்ட அட்டையைப் படமெடுத்து அனுப்பினார். அன்றைக்கு ரயிலில் எனக்கு உட்கார இடம்கூடத் தேவைப்படவில்லை.

விழா சனிக்கிழமை காலை. அம்மா கடையில் விடுப்பு சொல்லிவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். எங்கும் மஞ்சள் டி-சட்டை. புதுக் கட்டடத்தில் எல்லாமே கண்ணாடியும் வெளிச்சமுமாக இருந்தது. நான் எதையும் நின்று பார்க்கவில்லை. கையைப் பிடித்து அம்மாவை நேரே சுவருக்கு இழுத்துப் போனேன்.

படத்தைக் கூரை உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். கொடியேற்றுபவளின் முழங்கால் அம்மாவின் கண்ணுக்கு நேரே இருந்தது. பக்கத்தில் வெள்ளை அட்டையில் 'கொடியேற்றும் மாணவி' என்று ஆங்கிலத்தில் போட்டு, அடுத்த வரியில் என் பெயர். அம்மா ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டார். கடைசி எழுத்துவரை சரிபார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தயாரானேன்.

அம்மாவின் விரல் அட்டையிலிருந்து நகர்ந்து பினஃபோரின் அடி ஓரத்துக்குப் போனது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். சிரிப்பு நின்றது.

"பேரு உன்னோடதுதான். ஆளு நீ இல்லடி."

"என்னம்மா சொல்றீங்க?"

"மடிப்புக் கோடு எங்க? மூணாவது வருஷம் ரெண்டு கோடு இருக்கும். நான்தானே பிரிச்சேன்? இது புதுத்துணி. மடிப்பே மிஷின் மடிப்பு. நான் கைத்தையல்தான் போடுவேன்."

"அம்மா, ஏழு பேர் சாட்சி சொல்லியிருக்காங்க!"

"ஏழு பேரும் வந்து உன் பினஃபோரைத் தைச்சாங்களா?"

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். பள்ளி நாட்களில் புத்தகப் பையை வைத்து மறைத்து மறைத்து வைத்த அந்தப் பட்டைகளை, இப்போது ஒன்றாவது இருந்துவிடாதா என்று தேடினேன். இல்லை. ஓரம் சுத்தமாக இருந்தது. நான்கு ஆண்டு எங்களைக் குழப்பிய ஆசிரியை, பென்சிலால் எழுதிய அன்று மட்டும் சரியாக எழுதியிருக்கிறார். அதைத்தான் நான் மூன்று வாரம் போராடித் தப்பாக மாற்றியிருக்கிறேன். அதுவும் சிவப்பு வட்டம் போட்டு.

"ஏய், வந்துட்டியா!" என்று பின்னால் குரல். இன்னொருத்தி. அம்மாவிடம், "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இது நீதானா?" என்று படத்தைக் காட்டிக் கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? முதல்ல நான்னுதான் நெனச்சேன். அப்புறம் நீ ரிப்போர்ட் போட்டே, எல்லாரும் கன்ஃபர்ம்னாங்க. எனக்கே டவுட் வந்துடுச்சு லா."

"உன் படமே உனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரிஞ்சுதா?" என்றாள்.

அம்மா அவள் பக்கம் திரும்பி, "உனக்கு வருஷா வருஷம் புதுசு வாங்குவாங்களாம்மா?" என்றார். அவள் ஆமென்றாள். அம்மா என்னைப் பார்த்தார். வழக்கு முடிந்தது.

சும்மா இருந்திருக்கலாம். அவள் கேட்கப்போவதில்லை, ஏழு பேருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஆனால் அது நானில்லை என்று நான்கு ஆண்டு கைதூக்கியவள் நான். அண்ணனைத் தேடிப் போனேன். மேடை அருகே மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் படத்துல இருக்குறது நான் இல்ல."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னும் இருபது நிமிஷத்துல சிறப்பு விருந்தினர் வர்றாரு தங்கச்சி."

"தெரியும்ணே. மன்னிச்சிடுங்க."

"சாட்சி இருக்கா?"

"எங்கம்மா. அப்புறம் படத்துல இருக்குறவ."

"அவ சம்பந்தப்பட்ட ஆளு. அவ சாட்சி செல்லாது." சொல்லிக்கொண்டே கோப்பைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். இன்னொருத்தியின் பெயர் போட்ட பழைய அட்டை, பசைத்தாள்கூட உரிக்காமல் இருந்தது. "இந்தச் சுவரை ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒண்ணையும் நான் தூக்கிப் போடுறதில்ல. ஆனா ஒட்டினதை எடுத்தா படம் கிழியும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

அண்ணனையும் கூட்டிக்கொண்டு சுவருக்குத் திரும்பினேன். அம்மா கைப்பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தார். பட்டுச்சேலை கசங்க அப்படியே சுவரோடு ஒட்டி நின்றார். அட்டையின் ஒரு மூலையைக் கத்தரி முனையால் நெம்பி, தையல் பிரிப்பதுபோல அவசரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். படத்தில் ஒரு கீறல் இல்லை. என் பெயர் முழுசாகக் கையோடு வந்தது. இன்னொருத்தி தன் பெயரைத் தானே ஒட்டிக்கொண்டாள், லேசாகக் கோணலாக. அண்ணன் அதை நேராக்கச் சொல்லி ஒரு பாட்டம் கத்தினார்.

"உன் படம் எது?" என்று அம்மா கேட்டார்.

சுவர் முழுக்க நடந்து பார்த்தோம். என் படம் எங்கேயும் இல்லை.

அன்று மாலை குழுவில் எழுதினேன்: "அந்தப் படத்தில் இருப்பது நானில்லை. தவறு என்னுடையது." அதே ஏழு பேர் அதே கட்டைவிரலைத் தூக்கினார்கள். இதயம் போட்டவள், "கன்ஃபர்ம் நீ இல்ல" என்று எழுதினாள்.

அந்த அட்டை இப்போது ஈசூனில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. 'கொடியேற்றும் மாணவி', கீழே என் பெயர், சுற்றிலும் வெறும் கதவு. வருகிறவர்கள் எல்லாரும் படம் எங்கே என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக்கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"நீயும்தானே ஏத்துன?" என்கிறார்.

ஏற்றினேன்தான். போன வாரம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது நானே பிய்த்துவிடலாமென்று மூலையில் நகத்தை வைத்தேன். வரவில்லை. அட்டையைச் சுற்றி நான்கு பக்கமும் அம்மா ஒளிபுகும் டேப் ஒட்டியிருக்கிறார், ஓரம் கொஞ்சமும் பிசகாமல், தைத்துவைத்தது போல.