ஜெயபால் வாசித்த பேஸ்

1. அன்று இருந்தவர்கள்

அன்று ஸ்டூடியோவில் இருந்தவர்கள் ஆறு பேர். கிடார் வாசிக்கும் தினேஷ். பாடுகிற அருண். டிரம்ஸ் அடிக்கும் சலீம். கீழ்ச்சத்தம் தருகிற பேஸ் கிடார் வாசிக்கும் ஜெயபால். எங்கள் ஓனர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு கரண்ட் பில் கட்டப் போய்விட்டார். ஆறாவது ஆள் நான், ரெக்கார்டிங் பார்க்கிறவன். வேறு யாரும் இல்லை. இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம், அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பிறகு ஆளுக்கொன்று பேசினார்கள். அங்கே இல்லாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

புயல் அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜெயபால் உறையிலிருந்து பேஸை எடுத்து மடியில் வைத்தான். நான் ஒயரைச் சொருகிவிட்டு, சத்தத்தின் லெவல் பார்க்க ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன். அவன் வாசிக்கவில்லை. வலது கையை மூடியே வைத்திருந்தான்.

"இன்னா மச்சான், கையில காசு வச்சிருக்கியா? தொறடா, பங்கு போட்டுக்கலாம்" என்று தினேஷ் சிரித்தான்.

ஜெயபால் கையைத் திறந்தான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனித்தோல் உரிந்து, ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. பேஸ் வாசிப்பவனுக்கு வலது கையில் அந்த இரண்டு விரல்கள்தான் எல்லாம். தினேஷின் சிரிப்பு பாதியில் நின்றது.

2. கூம்புக்குப் பழகிய கை

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். 2004-இல் கடலூர் செம்மண்டலத்தில், ஒரு தையல் கடைக்கு மாடியில் இருந்த இந்த ஸ்டூடியோவுக்கு ஒயர் சுற்றிவைக்கிற வேலைக்கு வந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். சேவ் பண்ணின ஃபைலை மறுபடி சேவ் பண்ணுவேன். கதவைப் பூட்டி பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டு, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். இந்தச் சுபாவத்தைப் பார்த்துத்தான் ஓனர் என்னை மெஷினில் உட்கார வைத்தார். பயந்தவன் எதையும் அழித்துவிட மாட்டான் என்பது அவர் கணக்கு.

எங்களுக்கு வருகிற வேலை எல்லாம் ஒரே மாதிரி. ஆடிக்கு அம்மன் பாட்டு, கிறிஸ்துமஸுக்கு சர்ச் பாட்டு, நடுவில் ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் விளம்பரம். எதுவானாலும் கடைசியில் கூம்பு ஸ்பீக்கரில்தான் ஒலிக்கும். கூம்புக்குக் கீழ்ச்சத்தம் ஆகாது. பேஸ் ஜாஸ்தியாகப் போனால் உள்ளே யூனிட் கிழிந்துவிடும். மைக்செட்காரர் நேராக எங்கள் மாடிப்படி ஏறிச் சண்டைக்கு வருவார். அதனால் பாட்டு முடிந்ததும் கீழ்ச்சத்தத்தை ஒரே வெட்டாக வெட்டிவிட்டுத்தான் கடைசிப் பிரதியான மாஸ்டரை எடுப்போம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

2011 நடுவில் சிதம்பரத்திலிருந்து இந்த நாலு பேரும் வந்தார்கள். அங்கே காலேஜில் படிக்கப் போய்ச் சேர்ந்துகொண்டவர்கள். வாசிப்பது ஹெவி மெட்டல், கிடாரும் டிரம்ஸும் இடி மாதிரி இறங்குகிற பாட்டு. முதல் பாட்டைக் கேட்டுவிட்டு ஓனர் வெளியே வந்து கேட்டார்:

"ஏம்பா, இது பாட்டா, மாவு மில்லா?"

"மில்லுதான் சார். கிலோவுக்கு எவ்ளோ வாங்கறீங்க?" என்றான் அருண். ஓனருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பாட்டை மிக்ஸ் பண்ணி அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெயபால் மட்டும் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா தேடுற?"

"இல்லண்ணே, பேஸ யாரோ தூக்கிக்கினு போய்ட்டாங்க. பின்னாடி எங்கனா விழுந்திருக்குதான்னு பாக்கறேன்."

என் கை வழக்கம்போல வெட்டியிருந்தது. எனக்கு முகம் சுண்டிப்போனது. அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சிடி சிடியாகப் போட்டுக் காட்டினான். மெட்டலில் கிடாரின் சுருதியையே கீழே இறக்கி டியூன் பண்ணுகிறார்கள். கிடாரின் கனமும் பேஸின் கனமும் ஒரே இடத்துக்கு வந்து இடித்துக்கொள்ளும். பேஸை ஏற்றினால் எல்லாம் சேறாகும். இறக்கினால் ஆளே இருக்க மாட்டான். காலால் அடிக்கிற கிக் டிரம்முக்கும் கிடாருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. பேஸ் அந்தச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். அந்தச் சந்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. எங்கள் அறையில் கீழ்ச்சத்தம் கேட்கவே வழியில்லாமல் இருந்தது. ஓனரிடம் கெஞ்சி, கீழ்ச்சத்தத்துக்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர், சப் ஊஃபர், ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்க வைத்தோம்.

மொத்தம் ஏழு பாட்டு. டிரம்ஸ், கிடார், குரல் எல்லாம் முடிந்தது. ஜெயபால் வாசித்திருந்தது கைடு டிராக் மட்டும். மற்றவர்கள் பிடித்துக்கொண்டு போவதற்காக ஏனோதானோவென்று வாசித்து வைப்பது. பொங்கல் கழித்து வந்து நிதானமாக, முழுசாக வாசிப்பதாகச் சொல்லியிருந்தான்.

3. தோப்பு

அந்த வருடக் கடைசியில் புயல் வந்தது. நான் ஹார்ட் டிஸ்க்கை பாலிதீன் கவரில் சுற்றி, வீட்டில் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். என் மனைவி, "நகை எதனா இருந்தா அதையும் வைய்யி" என்றாள். இருந்தால்தானே.

கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. யாருடைய போனிலும் சார்ஜ் இல்லை. ஒருநாள் ஜெயபால் கூப்பிட்டான். அவனுக்கு ஊர் அண்ணாகிராமம் பக்கம். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு.

"அண்ணே, பாட்டெல்லாம் பத்திரமா இருக்குதா?"

"இருக்குது தம்பி. அரிசி டிரம்ல இருக்குது. தோப்பு?"

"தோப்பு இல்லண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒரு மரம் நிற்கவில்லை. புதுசாக நட்டால் காய்க்க வருடக்கணக்கில் ஆகும். அவன் படிப்பை விட்டுவிட்டு, பண்ருட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கூலி வேலைக்குப் போனான்.

கொட்டை ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோலைத் தின்றுவிடும். தினமும் உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு மளமளவென்று உடைப்பார்கள். பழகாதவன் கை என்ன ஆகும் என்பதைத்தான் அன்று ஸ்டூடியோவில் பார்த்தோம்.

4. விரல்

"அக்காங்கல்லாம் சாம்பல் தடவிக்கினு பேசிக்கினே ஒடைக்குதுங்க. எனக்குத்தான் வரல. இதுக்கும் டைமிங் வேணும் போலக்குது" என்றான் ஜெயபால். சிரிக்க வைக்கப் பார்த்தான்.

"பிக்குல வாசிடா" என்றான் தினேஷ்.

பிக் என்பது கம்பியை மீட்டுகிற சிறு பிளாஸ்டிக் தகடு. ஜெயபால் எப்போதும் விரலால்தான் வாசிப்பான். தகட்டைப் பிடித்தும் பார்த்தான். வேகமான இடம் வந்ததும் நழுவி நழுவி விழுந்தது. விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வாசித்தான். தலையணையைத் தட்டுவது மாதிரி இருந்தது. கடைசியில் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வெறும் விரலாலேயே ஏழு பாட்டையும் வாசித்து முடித்தான். கம்பியின் உரசலும் விரல் வழுக்குகிற சத்தமும் தெளிவாக விழுந்தன. அடியில் கனம் இல்லை. அழுத்த முடியாத விரலுக்குக் கனம் எங்கிருந்து வரும்?

"ரெண்டு மாசம் போவட்டும் மாமா, கை ஆறட்டும்" என்றான் சலீம்.

"ரெண்டு மாசமும் அதே கொட்டையத்தான் ஒடைக்கணும். எங்க ஆறும்?" என்று ஜெயபால் சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். "தேறுமாண்ணே?"

"பாக்கலாம் தம்பி" என்றேன். அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பேஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

5. சென்னைக்காரர்

ஆல்பத்தை வெளியிடுவதாகச் சொல்லியிருந்த ஆள் சென்னையில் இருந்தார். மிக்ஸை அனுப்பினோம். தினேஷ் ஸ்பீக்கர் போனில் போட, அவர் பேசியதை நானும் கேட்டேன்.

"கிடார் நல்லா இருக்கு. டிரம்ஸ் ஓகே. கீழ ஒண்ணுமே இல்லையேப்பா. காலி வீடு மாதிரி இருக்கு. பேஸ மாத்தி அனுப்பு, இல்லன்னா விடு."

மறுநாள் தினேஷ் தனியாக கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். பேஸை முழுவதுமாக எடுத்துவிட்டு கீபோர்டில் வாசித்து வைத்துவிடலாம் என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு வழி யோசித்தேன். அடியில் கனத்துக்கு மட்டும் கீபோர்டு. அதற்கு மேல், கம்பி உரசுவதும் விரல் நடப்பதும் ஜெயபாலுடையது. இரண்டையும் ஒட்ட வைத்தேன். எங்கே ஒட்டியது என்றே தெரியாத அளவுக்கு ஒட்டியது. சவுண்டு என்று பார்த்தால், நான் செய்ததில் அதுதான் சிறந்த வேலை.

"ஜெயபால்கிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேண்ணே. சரின்ட்டான்."

சாயந்திரம் மறுபடியும் கேட்டேன்.

"இன்னாண்ணே நீ, போலீஸ் மாதிரி? அதான் சொல்லிட்டேன்னு சொல்றன்ல?"

சிடி அடித்து வந்தது. அட்டையில் பேஸுக்கு நேராக ஜெயபால் பெயர் இருந்தது.

6. பெரிய ஸ்பீக்கர்

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் ஜெயபால் வந்தான். மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறி வந்தான். அப்படி ஒரு சந்தோஷத்தில் அவனை நான் பார்த்ததில்லை.

"சலீம் போன்ல ஏத்திக் குடுத்தாண்ணே. ஊருக்கே போட்டுக் காட்டிட்டேன். எங்கம்மா போன காதுல வச்சிக்கினு, இதுல எதுடா நீன்னு கேட்டுச்சி. இந்த ரகரகன்னு வருது பாரு, இதான் நானுன்னு காட்டினேன். பெரிய ஸ்பீக்கர்ல ஒருவாட்டி போடுண்ணே."

எனக்கும் பெருமைதான். முதல் பாட்டைப் போட்டு, சப் ஊஃபரை ஆன் செய்தேன். அவன் தரையில் உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். பேஸ் வாசிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு, கையால் கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்தான். மறுபடி வைத்தான்.

"நிறுத்துண்ணே."

நிறுத்தினேன்.

"மேல நான் இருக்கேன். கீழ யாருண்ணே?"

போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சத்தம் வராது. அதில் கேட்டதெல்லாம் அவன் மட்டும்தான். "தினேஷ் சொல்லலியா தம்பி?" என்றேன்.

"இன்னாத்த சொல்லலியா?"

நடந்ததைச் சொன்னேன். அவன் கத்தவில்லை. தினேஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"மச்சான், கீழ கீபோர்டாடா?"

"எப்படிடா சொல்றது? தோப்பு போயி நிக்கற. அந்த நேரத்துல போயி, உன் வாசிப்பும் தேறலன்னு என்னால சொல்ல முடியலடா" என்றான் தினேஷ். அவனும் கெட்டவன் இல்லை.

"தோப்பு போச்சின்னு எங்கப்பா என்கிட்ட நேராத்தான சொன்னாரு. நான் செத்தா பூட்டேன்?" என்றான் ஜெயபால். போனை வைத்துவிட்டு என்னிடம், "எங்கம்மாகிட்ட காட்டினேனே, அது பொய்யில்லல்ல?" என்று கேட்டான்.

"பொய்யில்ல தம்பி. அது நீதான்."

"பாதி" என்றான்.

கொஞ்சம் பொறுத்து வலது கையை நீட்டினான். விரல்நுனியில் புதுத்தோல் வந்திருந்தது, ரோஸ் நிறத்தில். கொட்டகை வேலையை விட்டுவிட்டானாம். அடுத்த வாரம் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போகிறானாம்.

"இப்ப வாசிக்கட்டுமாண்ணே?"

"சிடி அடிச்சிட்டாங்களே தம்பி."

"தெரியும்ணே. சிடிக்கு இல்ல."

கீழே தையல் கடையில் அவன் பேஸை வைத்துவிட்டுத்தான் மேலே வந்திருந்தான். வாசித்துக் காட்டவென்று கொண்டு வந்திருக்கிறான். போய் எடுத்து வந்தான். நான் கீபோர்டு டிராக்கையும் அவனுடைய பழைய டிராக்கையும் மூடிவிட்டு ரெக்கார்டிங்கைப் போட்டேன். ஏழு பாட்டையும் வரிசையாக வாசித்தான். பழைய கம்பிதான், பழைய ஒயர்தான். இரண்டு மாதம் தேடிப் பிடித்த அந்தச் சந்தில், எந்தப் பட்டனையும் நான் தொடாமல், அவன் பாட்டுக்கு வந்து நின்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

முடிந்ததும் ஓனரிடம் போய் எவ்வளவு என்று கேட்டான்.

"உன்கிட்ட இன்னாத்தடா வாங்கறது, போ" என்றார் அவர்.

"ஓசில வாசிச்சா அது ரிகர்சலாப் பூடும் சார். காசு குடுத்தாத்தான் ரெக்கார்டிங்கு. பில்லு போடுங்க."

ஓனர் என்னைப் பார்த்தார். பிறகு பில் போட்டார், ஆயிரத்து நானூறு. ஜெயபால் சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தான். மிச்சத்தை, மிக்ஸ் ஆனதும் வாங்க வரும்போது தருகிறேன் என்றான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒருவர் வாசித்ததில் கை வைக்கிறோம் என்றால், அவரையே கூப்பிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லியாச்சு என்று இன்னொருவர் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு தடவை கேட்டேன் என்று சமாதானப்படாதீர்கள். நான் கேட்டது தினேஷிடம், கேட்டிருக்க வேண்டியது ஜெயபாலிடம். நல்ல சவுண்டு எடுத்துவிட்டோம் என்பது இதற்குப் பதிலாகாது.

மிக்ஸ் அந்த மாதமே முடிந்துவிட்டது. அவன் கொடுத்துவிட்டுப் போன திருப்பூர் நம்பருக்கு அடித்தேன், கொஞ்ச நாள் மணி போனது, பிறகு அதுவும் இல்லை. பேண்டும் கலைந்துவிட்டது. சலீமுக்கும் அவனைப் பற்றித் தகவல் இல்லை. பில் புத்தகத்தில் அந்தக் கணக்கை அடித்துவிடலாம் என்று ஓனர் சொன்னபோது, வேண்டாம் சார், அவன் வருவான் என்று தடுத்துவிட்டேன். ஜெயபால் தர வேண்டியது இன்னும் அறுநூறு ரூபாய்.