பாதாளக் கரண்டியும் காணாமற்போன மாப்பிள்ளையும்

எங்கள் தையற்காரர் பிற்காலத்தில் இந்தச் சம்பவத்தை யாருக்குச் சொன்னாலும் சித்திரை மாதம் நடந்ததாகவே சொல்லுவார். அது தவறு. பங்குனியில் நடந்தது. அம்மன் திருவிழாவுக்குச் சாட்டு விழுந்த செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள், புதன்கிழமை காலையில் தொடங்கி, அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மாலையில் முடிந்தது. நான் சின்னமனூரில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். நாளும் கிழமையும் பிசகினால் சோறு இல்லாத தொழில் அது. ஆகவே இந்த விஷயத்தில் தையற்காரரை நம்ப வேண்டாம், என்னை நம்பலாம். போடிக்கு ரயில் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாவது யுத்தம் இன்னும் வரவில்லை.

அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று பேர் துப்பறியும் நாவல் பைத்தியங்கள். நான், தையற்காரர், கம்பத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர். சென்னையிலிருந்து தபாலில் வரும் நாவல்களைத் தையற்கடையில் உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன். தையற்காரர் மெஷினை மிதித்தபடி கேட்பார். கொலை நடக்கும் அத்தியாயத்தில் மிதி வேகமாகிவிடும். அந்த வாரத்துச் சட்டைகளில் தையல் கோணலாக ஓடியிருந்தால் கதை நன்றாக இருந்தது என்று பொருள். மண்டிக்காரர் பாதிக் கதையிலேயே குற்றவாளி யாரென்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் தவறாகத்தான் சொல்லுவார். அதற்காக அவர் வருந்தியதில்லை.

காணாமற்போனவர் தையற்காரரின் தங்கை புருஷன். ஆற்றோரத்து வெற்றிலைக் கொடிக்காலில் பங்குக்கு விவசாயம். நாக்கு நீளம். முந்தின வருஷத் திருவிழாவில் தீச்சட்டி எடுத்துத் தள்ளாடி வந்த ஒருவரைப் பார்த்து, "சட்டியா எடுக்குறான், பிள்ளைத்தாச்சி மாதிரில நடக்குறான்" என்று கேலி செய்தவர், அந்த வீறாப்பிலேயே அடுத்த வருஷம் தானே எடுப்பதாகக் கூட்டத்தில் நேர்ந்துகொண்டார். இந்த வருஷம் செவ்வாய்க்கிழமை கோயிலில் எல்லாரையும்போல் அவர் கையிலும் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். புதன்கிழமை காலையில் வெளியே போனவர் வீடு திரும்பவில்லை.

இதில் தையற்காரர் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு கோட்டு. தன் கல்யாணத்துக்குத் தையற்காரர் தைத்துக் கொடுத்த அந்தக் கோட்டைப் பற்றி மாப்பிள்ளை சந்தையில் நாலு பேர் நடுவில், "எங்க மச்சான் தச்சதுதான். சாக்கு மாதிரி இருக்கேன்னு ஏலக்காய் அடைக்கலாம்னு பாத்தேன், காய் கோவிச்சுக்கிருச்சு" என்று சொல்லிவைத்தார். கத்தரிக்கோலும் கையுமாகக் கடையிலிருந்து இறங்கிய தையற்காரர், "கழுத்த நறுக்கிப்புடுவேன்" என்று கத்தினார். சந்தையே கேட்டது. அது நடந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளையைக் காணோம்.

வியாழக்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் தையற்காரரைக் கூப்பிட்டு, "தேடுறோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆளு கிடைக்கலைன்னா திங்கக்கிழமை காலையில நீயா ஸ்டேஷனுக்கு வந்துரு. நான் ஆள் அனுப்புனா நல்லா இருக்காது" என்றார். அப்படி விசாரணைக்குப் போனவர்கள் எப்படி நடந்து திரும்பினார்கள் என்பதை ஊர் பார்த்திருந்தது. தையற்காரருக்கு இரண்டு காலும் வேண்டும். மெஷின் மிதிப்பவர்.

போலீஸ் தேடிய முறையை உள்ளபடி சொல்கிறேன். முதலில் ஏட்டையா குறி சொல்லும் ஒரு கோடாங்கியிடம் போனார். கோடாங்கி வெற்றிலையில் மை தடவிப் பார்த்து, தண்ணீர் தெரிகிறது என்றார். ஆறு, வாய்க்கால், கண்மாய் எல்லாம் சூழ்ந்த ஊரில் தண்ணீர் தெரியாமல் வேறு என்ன தெரியும்? ஏட்டையா அதைக் கிணறு என்று முடிவு கட்டினார். கிணற்றில் தேடப் பாதாளக் கரண்டி வேண்டும். விழுந்த வாளிகளைக் கோத்து எடுக்கும் அந்தக் கொக்கிக் கொத்து ஊரிலேயே இரண்டொரு வீட்டில்தான் இருக்கும். இரவல் வாங்குகிறவர் ஏதாவது ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டு எடுத்துப் போக வேண்டும் என்பது வழக்கம். கரண்டி வைத்திருந்த அம்மாள் சர்க்காருக்காக வழக்கத்தை மாற்றச் சம்மதிக்கவில்லை.

"சர்க்காருன்னா சர்க்காரு பாத்திரத்த வச்சுட்டுப் போங்க."

பாத்திரத்துக்குப் போலீஸ் எங்கே போகும்? ஏட்டையா இடுப்பிலிருந்த கைவிலங்கைக் கழற்றி வைத்தார். வெள்ளி, சனி இரண்டு நாளும் சின்னமனூர்ப் போலீஸின் விலங்கு ஒரு வீட்டு அடுப்படியில், அப்பளக் கூடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

கிணறு கிணறாகக் கரண்டி இறங்கியது. மாப்பிள்ளை வரவில்லை. ஆனால் வாளிகள் வந்தன, செம்புகள் வந்தன, யாரோ கோபத்தில் எறிந்த ஒரு அம்மிக்குழவி வந்தது. சேதி பரவியதும் பெண்கள் ஏட்டையாவை மொய்த்துக்கொண்டார்கள்.

"ஏட்டையா, எங்க கிணத்துலயும் கொஞ்சம் பாத்துருங்க. போன தையில பித்தளக் குடம் விழுந்துருச்சு."

"ஆத்தா, நான் தேடுறது ஆளை."

"ஆளும் கெடந்தாலும் கெடப்பாரு. மொதல்ல குடத்தப் பாருங்க."

சனிக்கிழமை மாலைக்குள் ஊரில் வாளி இல்லாத வீடு இல்லை. மாப்பிள்ளை மட்டும்தான் இல்லை. ஏட்டையா கம்பத்துக்கும் ஆண்டிபட்டிக்கும் தந்தி கொடுக்கச் சொன்னார். மேகமலைத் தோட்டங்களில் விசாரிக்க ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். தேனி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவரையும் கேட்டாயிற்று.

எங்கள் புலன்விசாரணை இதைவிட மட்டம். நாவலில் படித்தபடி நான் தையற்காரரின் டேப்பை வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்க் கால்தடங்களை அளந்தேன். நாவலில் வரும் குற்றவாளிகள் பூட்ஸ் போட்டவர்கள். அடியில் ஒரு ஆணி விழுந்திருக்கும், துப்பறிபவர் அதைக் கண்டு புன்னகை செய்வார். எங்கள் ஊரில் சாட்டு விழுந்துவிட்டால் செருப்புப் போடுகிறவனும் கழற்றிவிடுவான். ஆற்றுமணல் முழுக்க வெறுங்கால். நான் அளந்து திரும்பிப் பார்த்தபோது என் தடமும் அதில் கலந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் கடையில் கூடினோம். மறுநாள் ஸ்டேஷன். தையற்காரர் துணியில்லாத மெஷினை வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தார்.

"போலீஸ்காரன் தேடுறதே தப்புப்பா. ஆளு செத்துட்டான்னு முடிவு கட்டிக்கிட்டுத்தான் தேட ஆரம்பிக்கிறாக. உசுரோட இருக்கிறவன் கிணத்துக்குள்ள என்ன செய்வான்?" என்றார்.

"குளிப்பான்" என்றார் மண்டிக்காரர்.

"அண்ணே, என் தோலு உரியப்போகுது. உங்களுக்குக் கேலி."

"கேலி இல்ல தம்பி. பத்திரம், நீ சொல்லு. உன் புஸ்தகத்துல என்ன செய்வாக?"

பத்திரம் என்பது நான். "மொதல்ல காரணத்தப் பாப்பாக. யாருக்கு அவரு மேல கோவம்னு" என்றேன்.

"நல்லாச் சொன்ன. அப்படிப் பாத்தா கத்தரிக்கோலோட நின்னவன் நம்ம தம்பி ஒருத்தன்தான். வா, நாமளே பிடிச்சுக் குடுத்துருவோம்."

தையற்காரர் சிரிக்கவில்லை. "அவன் மலைக்குத்தான் போயிருக்கணும். தோட்டத்துல கங்காணி ஒருத்தன் பழக்கம். இல்லைன்னா குமுளி தாண்டி மலையாளத்துப் பக்கம். போலீஸு மலையில ஒரு ஆளை விட்டுத் தேடுனா கிடைக்குமா? நூறு பேரு போகணும்" என்றார்.

"நூறு பேரா? சுமைக்கு ஒரு ஆளு கிடைக்கலையேன்னு நான் அழுதுக்கிட்டு இருக்கேன்" என்று மண்டிக்காரர் தன் குறையை ஆரம்பித்தார். "மேல என் காயி மூட்டை மூட்டையாக் கெடக்கு. செவ்வாக்கிழமையில இருந்து ஒரு பய மலை ஏற மாட்டேங்குறான். கூலி கூடத் தாரேன்னாலும் கையத் தூக்கிக் காமிக்கிறானுக. காப்புக் கட்டியாச்சாம், எல்லை தாண்டக்கூடாதாம். உங்க ஆத்தா வருஷா வருஷம் என் யாவாரத்துல..."

மெஷின் நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊரெல்லையைத் தாண்டமாட்டான். வேற்றூரில் தங்கமாட்டான். மாப்பிள்ளை கையில் காப்பு இருந்ததை ஊரே பார்த்தது. ஏட்டையா கையிலும் காப்பு இருந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் கம்பத்துக்குத் தந்தி எழுதினார். நானும் கட்டியிருந்தேன். அந்தக் கையால்தான் கால்தடம் அளந்தேன். நாவல் படித்த மூன்று மூளையும் ஒரு போலீஸ் மூளையும் சேர்ந்து, ஒருவனை அவன் போகவே முடியாத இடங்களில் எல்லாம் தேடியிருக்கிறோம்.

"அவன் காப்ப அறுத்துப்புட்டுப் போயிருந்தா?" என்று நான் கேட்டேன்.

"அவனா? பல்லி கத்துனாச் செவுத்தப் பாத்துக் கும்புடுறவன்" என்றார் தையற்காரர்.

அப்படியானால் ஆள் எல்லைக்குள்ளேதான். எல்லைக்குள் போலீஸ் எங்கே தேடவில்லை? ஒவ்வொரு இடமாகச் சொல்லிப் பார்த்தோம். வீடுகள், வைக்கோல் படப்புகள், கிணறுகள், மயானம்.

"கொடிக்கால்ல தேடுனாகளே" என்றேன்.

"எப்படித் தேடுனாக? நீ பாத்தியா?" என்று தையற்காரர் எழுந்தார். "பூட்ஸோட உள்ள போகமுடியாதுல்ல!"

வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்போடு யாரும் போவதில்லை. கோயில்போல. ஏட்டையாவும் இந்த மண்ணுக்காரர். அந்தப் பாவத்தைச் செய்யமாட்டார். பூட்ஸைக் கழற்ற வேண்டுமென்றால் அதற்கு முன் முழங்கால்வரை சுற்றிய காக்கிப் பட்டியை அவிழ்க்க வேண்டும். அதைத் திரும்பச் சுற்றுவது காலையில் அவர் மனைவியும் சேர்ந்து செய்கிற வேலை. ஆகவே அவர் வேலிக்கு வெளியே நின்றே தேடியிருக்கிறார். தேடிய விவரம் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. "உள்ள புது ஆளு யாரும் இருக்கானாலே?" என்று கேட்டாராம். "புது ஆளு யாரும் இல்லீங்கய்யா" என்று பதில் வந்ததாம். போய்விட்டார்.

பதில் சொன்னது மாப்பிள்ளைதான்.

நாங்கள் செருப்பில்லாத கால்களோடு உள்ளே போனோம். அகத்தி மரங்களில் கொடி ஏறி, நடுப்பகலிலும் அந்தி போல் இருக்கும் இடம். வாய்க்காலோரம் அகத்தித் தழையைப் பரப்பி அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வேலையாட்கள் தங்கள் கஞ்சியில் பங்கு கொடுத்திருக்கிறார்கள். "எங்ககிட்ட யாரும் உள்ள வந்து கேக்கலையே" என்று அவர்கள் சொன்னதில் குற்றம் காண முடியாது.

"மச்சான், சத்தம் போடாதீக" என்று மாப்பிள்ளை கைகூப்பினார்.

"ஏலே, என்னைக் கழுத்தறுத்தவன்னு சொல்றாகளேடா! இங்கன என்னடா செய்யுற?"

"நெருப்பக் கையில ஏந்தப் பயமா இருக்கு மச்சான். ஓடிரலாம்னா காப்பு. அதான் இங்கன படுத்தேன். ஆத்தா கனவுல வந்து, அடுத்த வருஷம் எடுத்தாப் போதும்டான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா வந்துருவேன்."

"வந்தாளா?"

"கொசுதான் வந்துச்சு."

மண்டிக்காரர் ஒரு அகத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையற்காரர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தழையின்மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அவர் தங்கைக்கு ஆள் அனுப்பினோம். வந்த பெண் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "நாலு நாளா நான் பச்சத்தண்ணி குடிக்கல. நீங்க இங்கன அகத்திக்கீரையா தின்னுக்கிட்டு இருக்கீக?" என்றாள். பிறகு, "சட்டிய நான் எடுக்குறேன். நீங்க கூட நடந்தாப் போதும். எங்க அண்ணன் காலு முறியக்கூடாது" என்றாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. ஏட்டையா ஒப்புக்கொள்ளவில்லை.

"தையக்காரனும் பத்திரக்காரனும் கண்டுபிடிச்சாகன்னு நான் எப்படி எழுதுறது? நான் தேடிக் கண்டுபிடிச்சதாத்தான் இருக்கணும். ஆளைத் திரும்ப உள்ள உக்கார வையிங்க."

மாப்பிள்ளை அதே தழையில் மறுபடி போய் உட்கார்ந்தார். ஏட்டையா வரப்பில் அமர்ந்து காக்கிப் பட்டியை அவிழ்த்தார், பூட்ஸைக் கழற்றினார். வெறுங்காலோடு உள்ளே போய், "ஆ! இங்கயா இருக்க?" என்று சத்தமாக ஆச்சரியப்பட்டார். சுற்றி நின்ற நாங்களும் மரியாதைக்காக ஆச்சரியப்பட்டோம்.

கிழமைப்படி திங்கள்தான் அடுத்து வரவேண்டும். ஆனால் செவ்வாயை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்தப் பெண் தீச்சட்டியைச் சாமந்திப் பூக்கூடைபோல் ஏந்தி, ஒரு சொட்டுத் தள்ளாட்டம் இல்லாமல் கோயிலுக்கு நடந்தாள். வேப்பிலையோடு பக்கத்தில் நடந்த புருஷன் தோளில் ஒரே ஒரு பொறி பறந்து விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது.

இனி திங்கட்கிழமை. ஆள் கிடைத்துவிட்டது, போகவேண்டாம் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். தையற்காரர் கேட்கவில்லை. வரச்சொன்னால் வரவேண்டும், வராவிட்டால் அதற்கு வேறு கேஸ் போடுவார்கள் என்றார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் போனார். நாங்கள் இருவரும் கடையில் காத்திருந்தோம். மண்டிக்காரர் அன்று ஒரு கேலிகூடச் சொல்லவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் திரும்பினார். நேராக நடந்து வந்தார். பானையிலிருந்து இரண்டு செம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"நீ எதுக்குய்யா வந்தேன்னு சப்-இன்ஸ்பெக்டரு கேக்குறாரு. மறந்தே போயிட்டாரு! நீங்கதான வரச்சொன்னீகன்னேன். யோசிச்சுப் பாத்துட்டு, சரி வந்தது வந்த, அளவெடு, ரெண்டு காக்கி நிஜார் வேணும்னாரு."

"எடுத்தியா?"

"எடுத்தேன். பயத்துல எதையும் குறிச்சுக்கல. வெளிய வந்தா ஒண்ணும் ஞாபகம் இல்ல." எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "திரும்பப் போய்க் கேக்க என்னால ஆகாது. நீங்கதான் துப்பறியுறவுகளாச்சே. அவரு இடுப்பு எவ்வளவு இருக்கும்?"

மண்டிக்காரர் ஒன்று சொன்னார். நான் ஒன்று சொன்னேன். தையற்காரர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் நாலு விரற்கடை கூட்டி வெட்டினார்.