ஏற்றத்து வீட்டுக் கிரிசல்

ஸ்காட்லாந்தின் தெற்கு மலைகளில், கோர்ஸ்லீ என்ற ஊரில், ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் அந்த ஏற்றத்தை எப்படி ஏறுவார் என்பதில்தான் ஆரம்பிப்பார்கள். ஆற்றங்கரையில் கடையும் தேவாலயமும் வீடுகளும். உச்சியில் பழைய கல்லறைத் தோட்டம். நடுவே, ஏறுகிறவன் மூக்கு தரையில் இடிக்கும்படி நிமிர்ந்து நிற்கும் பாதை. அந்தச் செங்குத்துக்கு அவர்களிடம் இருந்த சொல் 'ஸ்டை'. நல்ல பழைய சொல். ஏறுதல் என்பதுதான் அதன் மூலம், குதிரைச் சேணத்தில் கால் வைத்து ஏறும் அங்கவடிக்கு வைத்த 'ஸ்டிரப்' என்ற பேர்கூட அதே வேரில் முளைத்தது என்பார் பள்ளி வாத்தியார். ஏறுவதற்கென்று பிறந்த சொல், போகப்போக ஏற முடியாததற்குப் பெயராகிவிட்டது. வளைந்து கொடுக்காத மனிதர்களையும் ஸ்டை என்றே சொல்வார்கள். "ஸ்டை ஏற்றமா, திடமான நெஞ்சை வை" என்று தொட்டில் பிள்ளைக்குக்கூட உபதேசம் செய்கிற ஊர். நெஞ்சே பழுதாகப் பிறந்தவள் எதை வைப்பாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கிரிசல் எலியட்டின் வீடு பாதி ஏற்றத்துக்கும் மேலே இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோழி வளர்த்தாள், காலுறை பின்னி விற்றாள். இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, ஊர் வம்பும் பேசிக்கொண்டு, எங்கும் நிற்காமல் ஏறிவிடுவாள். தங்கை எல்ஸ்பெத் அப்படியில்லை. சின்ன வயதிலிருந்தே பாதி வழியில், வளைவு வந்ததும் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிடுவாள். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற பெண்ணை அந்த ஊரில் எவன் கட்டுவான்? அதனால் கயிறு அவிழ்ந்துகொண்டே இருந்தது. ஊர் சிரித்தது, கிரிசலும் சிரித்தாள். கீழ்த்தெருவில் வாழ்க்கைப்பட்ட பிறகு எல்ஸ்பெத் மேலே வருவது குறைந்தது. கணவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான்.

அம்மா மேல்வீட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது கிரிசல் ஆள் அனுப்பினாள். எல்ஸ்பெத் கிளம்பினாள். வளைவு வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போய்விட்டாள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? அடக்கம் முடிந்த மறுநாளே கிரிசல் தங்கை வாசலில் போய் நின்றாள்.

"அம்மா கதவையே பாத்துக்கிட்டுக் கண்ண மூடினா. வளைவு வரைக்கும் வந்தியாமே? அதுக்கு மேல ஏற மகாராணிக்குக் கால் வலிச்சுதோ?"

"முடியலக்கா."

"முடியலையா, மனசில்லையா?"

எல்ஸ்பெத் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். என்னால் ஏற முடியாது என்று அந்த ஊரில் சொல்வதும், திருடினேன் என்று ஒப்புக்கொள்வதும் ஒன்றுதான்.

"நல்லா கேட்டுக்கோ. இனிமே நீயா மேல ஏறி வந்தாத்தான் எனக்குத் தங்கச்சி. நான் இந்த வாசலுக்கு இறங்கி வர மாட்டேன்."

சொன்னதைக் கடைப்பிடித்தாள். அதுதான் வினை. கீழே இருக்கும் தேவாலயத்தை விட்டுவிட்டு, மழையிலும் பனியிலும் மலை தாண்டி அடுத்த ஊர்த் தேவாலயத்துக்கு நடந்தாள். கிரிசல் ஸ்டை என்றது ஊர். தங்கச்சிதான் ஸ்டை என்றாள் கிரிசல். ஆனாலும் ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் வீட்டைப் பெருக்கித் துடைத்து, கீழே பார்த்த ஜன்னலில் விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். வாய்விட்டு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம், பாவி.

ஒரு பிப்ரவரி சாயங்காலம் தச்சர் டான்டி மூச்சு இரைக்க மேலே வந்தார். ஊரில் சவப்பெட்டி செய்கிறவரும் அவர்தான். அவரைக் கண்டதும் கிரிசல் பின்னிக்கொண்டிருந்த காலுறையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"பயப்படாத, உசுரு இருக்கு. ஆனா உன் தங்கச்சி படுத்துட்டா. டாக்டர் வந்து பாத்தாரு. நெஞ்சுதானாம். பொறந்ததுலேர்ந்தே பழுதாம் கிரிசல்."

கிரிசல் ஜன்னல் வழியே கீழே வளைவைப் பார்த்தாள். "அப்போ அன்னிக்கு வளைவுல..."

"அதுக்கு மேல ஏறியிருந்தா அன்னிக்கே போயிருப்பா. வா, போலாம்."

"வெறுங்கையோட எப்படிப் போவேன்? இத்தன வருஷம் கழிச்சு? ஒரு கோழிய அடிச்சு சூப்பு வச்சு, காலையில எடுத்துட்டு வரேன். அவளுக்கு என் சூப்புன்னா உசுரு."

டான்டி வற்புறுத்தவில்லை. சண்டை போட்ட வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அங்கே வழக்கமில்லை. கோழி முற்றல். வேக நேரமானது. விடிந்ததும் சட்டியைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு கிரிசல் இறங்கினாள். கீழ்த்தெருவில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. எல்ஸ்பெத் வீட்டு ஜன்னல்களில், சாவு விழுந்த வீட்டு வழக்கப்படி, வெள்ளைத் திரை இறக்கியிருந்தது. சட்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

உச்சிக் கல்லறைத் தோட்டத்துக்குச் சவப்பெட்டியை அந்த ஏற்றத்தில் வண்டியில் கொண்டுபோவதில்லை. ஆண்கள் எட்டுப் பேர் கையால் தூக்குவார்கள். நடக்கும்போதே ஆள் மாற்றிக்கொள்வார்கள். குழி வரும்வரை கீழே வைப்பது பெரிய அவமானம். பெண்கள் ஊர்வலத்தோடு போவதும் இல்லை. கிரிசல் முன்னதாகவே மேலேறி வந்துவிட்டாள். ஊர்வலம் அவள் வீட்டை நெருங்கியபோது, பாதையின் குறுக்கே இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டுவிட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

முன்னால் வந்த சபைப் பெரியவருக்கு முகம் சிவந்தது. "என்னம்மா இது? வழியில வைக்கிற வழக்கம் உண்டா? நகரு."

"என் தங்கச்சி என் வீட்டுக்கு வந்திருக்கா. உக்காராம அனுப்புவேனா?"

"கிரிசல், ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொன்னதெல்லாம் போதும்யா. இறக்குங்க."

தூக்கி வந்தவர்கள் டான்டியைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்தார். பெட்டியை மெல்ல நாற்காலிகளின் மேல் இறக்கினார்கள். ஆண்கள் அத்தனை பேருக்கும் மூச்சு வாங்கியது. கிரிசல் மண்ணில் மண்டியிட்டு, மூடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இருடி எல்ஸ்பி. மெதுவா மூச்சு வாங்கிக்கோ. ஒருத்தரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவளாக எழுந்திருக்கும்வரை ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை.