அசையாத படம்

வலது கை கேமராவைத் தாங்கியிருந்தது. இடது கை விரல்கள் அதில் செருகிய விளக்கு வயரை மயிரிழை அளவு திருப்பின. திரையின் ஓரத்தில் கிடந்த கல்லீரல் நடுவுக்கு வந்தது. அந்தக் கைகள் எதையும் வெட்டுவதில்லை, தைப்பதில்லை. வயிற்றில் போட்ட சின்னத் துளை வழியாக உள்ளே போன லென்சை அசையாமல் பிடித்திருப்பதுதான் அவற்றின் வேலை. டாக்டர் விமல்ராஜுக்கு அவை காட்டுவது மட்டும்தான் தெரியும்.

கைகளுக்குச் சொந்தக்காரி மாதேஸ்வரி. முன்பு ஓசூரில் ஒரு பட்டறையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே பொடித் திருகாணி பொருத்திக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளராகச் சேர்ந்தாள். பார்த்துப் பார்த்தே கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

மேசையில் மயக்கத்தில் இருப்பவர் வெள்ளையம்மா. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுபவர். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை பெரிதாகி, இரைப்பையில் பாதிக்கு மேல் நெஞ்சுக்குள் ஏறிவிட்டிருந்தது. காலையில் தியேட்டர் வாசலில் மாதேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“படுத்தா தின்னதெல்லாம் தொண்டைக்கு வந்துடுது கண்ணு. ரெண்டு வருசமா செவுத்துல சாஞ்சேதான் தூக்கம். எங்க வூட்டுக்காரரு என்னியக் காவக்காரின்னு கூப்புடுறாரு.”

“இனிமே படுத்துத் தூங்கலாம்மா.”

“இனிமே களிய மென்னு தின்னணுமாம், டாக்டரு சொல்றாரு. களிய எவளாச்சும் மெல்லுவாளா? சரி, அத வுடு. அவருக்கு உள்ள காட்டுறது நீதானாமே?”

“ஆமாங்கம்மா.”

“அப்ப அவருக்கு இல்ல, உனக்குத்தான் நான் பயப்படணும்.”

இப்போது அவருடைய வயிறு காற்று நிரம்பி ஒரு குகையாகியிருந்தது. லென்சில் ஆவி படியும்போது, ஓசூரை அடுத்த தளிப் பாதையில் பனி இறங்குவதுபோல எல்லாம் மங்கியது. மாதேஸ்வரி லென்சை வெளியே எடுத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்து மறுபடி விட்டாள். பனி விலகியது. டாக்டர் இரைப்பையைக் கீழே இழுத்தார், வந்தது. விட்டதும் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. நெஞ்சுக்குள் அதைச் சுற்றி ஒட்டியிருந்த மெல்லிய பையைப் பிரித்தால்தான் அது கீழே தங்கும்.

பிரிக்கப் பிரிக்க, லென்ஸ் ஓட்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் மிதந்து போனது. அங்கே ஒரு மெல்லிய சவ்வுக்குப் பின்னால் இதயம் துடித்துக்கொண்டிருந்தது, போர்வைக்குள் யாரோ தூக்கத்தில் புரள்வதுபோல. மாதேஸ்வரி அதையே பார்த்தாள். அவளுடைய மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. மேசை, குளிர், நின்று வலிக்கும் கால் எல்லாம் எங்கோ போய்விட்டன.

“மாதேஸ்வரி, நான் இங்க இருக்கேன். நீ எங்க போயிட்ட?”

டாக்டரின் கருவி திரையின் ஓரத்துக்குப் போயிருந்தது.

“சாரி சார்.”

பை பிரிந்து இரைப்பை கீழே வந்தது. இனி ஓட்டையைத் தைக்க வேண்டும். தைக்கும் சதையை ஒட்டியே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கடைசித் தையலுக்கு ஊசி நெருங்கும்போது அவளுடைய கட்டைவிரலில் உணர்வு போய்விட்டது. படம் இன்னும் அசையவில்லை. அசையப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம். ஊசி இறங்கும்போது கை நழுவினால்?

“சார், நிறுத்துங்க. கை மரத்துடுச்சு.”

ஊசி பின்னால் வந்தது.

“உதறிக்கோ. அம்மா எங்கயும் எழுந்து போயிட மாட்டாங்க,” என்றார் டாக்டர்.

விரல்களை மடக்கி நீட்டினாள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். ஓட்டை மறுபடி திரையின் நடுவுக்கு வந்து நின்றது.

“ம், போடுங்க சார்.”

தையல் விழுந்தது. தின்றது மறுபடி தொண்டைக்கு வராமலிருக்க, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்தார்கள். டாக்டர் இரைப்பையிலிருந்து பிடியை விட்டார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

“ஏறல சார்,” என்றாள் மாதேஸ்வரி.

மதியம், கண் பாதி திறந்திருந்த வெள்ளையம்மாவை ஸ்ட்ரெச்சரில் வார்டு வாசல்வரை மாதேஸ்வரியே தள்ளிக்கொண்டு போனாள். நர்ஸ் வினிதா எதிரே வந்தாள்.

“தலப்பக்கம் கொஞ்சம் ஏத்தியே வையி. வாந்தி மட்டும் வரக் கூடாது, தையல் தாங்காது,” என்றாள் மாதேஸ்வரி.

“சரிக்கா. நான் பாத்துக்கறேன்.”

மாதேஸ்வரி வண்டியின் கைப்பிடியை அவளிடம் விட்டாள்.