புளியடி வளவில் எத்தனை பேர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெற்குக் கரையில், கடல்நீரேரியை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். வீடும் காணியுமாக முழுதாக நாற்பது வளவுகள்கூட இல்லை. சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்ட சனத்தில் பாதி மொன்ட்ரியாலில் வந்து சேர்ந்திருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், எங்கள் ஊர்ச்சங்கம் கோடை ஒன்றுகூடலுக்கு ஒரு நினைவு மலர் போடத் தீர்மானித்தது. அதில் ஊரின் வரலாறும் குடிசனமும் வரவேண்டும். வரலாறு எழுத ஆண்கள் நான் முந்தி நீ முந்தி என்று நின்றார்கள். கோயிலை யார் கட்டியது என்ற கேள்வியிலேயே இரண்டு கூட்டங்கள் முடிந்துபோயின. ஆட்களை எண்ணும் வேலையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறவள் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

எங்கள் ஊரில் வளவுக்குத்தான் பெயர். ஆட்களை அறிவது அதற்குப் பிறகு. புளியடி, நாவலடி, கிணற்றடி என்று கொப்பியில் வளவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். எங்கள் சனம் பரந்திருந்த லவாலுக்கும் கர்க்லாண்டுக்கும் மொன்ட்ரியால்-நோருக்கும் தொலைபேசி எடுத்தேன். எங்கள் காலத்தில் அந்தந்த வளவில் வாழ்ந்தவர்கள் எல்லாரையும், இன்று உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுதுவதுதான் கணக்கு. பத்து நிமிடத்தில் முடியவேண்டிய கதை ஒரு மணித்தியாலம் போகும். உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

கூட்டிப் பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. இவ்வளவு சனம் எங்கள் ஊரில் எங்கே இருந்தது? பிறகுதான் பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டிய ஆண், பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். தாய் அவனை மகன் என்று தன் வளவில் சொல்லியிருந்தாள். மனைவி அவனைப் புருசன் என்று தன் வளவில் சொல்லியிருந்தாள். என் கணவரே இரண்டு பக்கங்களில் இருந்தார்.

"விடப்பா, ரெண்டு ஆளின்ரை சோறு தின்னுறன்தானே" என்றார்.

இரட்டை மாப்பிள்ளைகள் எல்லாரையும் ஒரு பக்கத்தில் வெட்டினேன். தொகை இறங்கியதில் சங்கத் தலைவருக்கு வருத்தம். "கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமன் தங்கச்சி, ஆர் எண்ணிப் பாக்கப் போகினம்?" என்று கேட்டார். நான் அசையவில்லை.

அச்சுக்குக் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, மொன்ட்ரியால்-நோரில் இருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். எங்கள் ஊர்த் தையல்காரரின் மகள். அவர் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர். புளியடி வளவுச் சொந்தக்காரர் கொழும்பில் இருந்ததால், அதைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு அங்கேயே பல வருடம் இருந்தார்.

"அக்கா, எங்களை எந்த வளவிலை போட்டிருக்கிறியள்?"

கொப்பியைத் திறந்தேன். புளியடிக்கு நேரே, என் கையெழுத்தில், 'ஆள் இல்லை' என்று இருந்தது. என் பள்ளிக்கூடச் சட்டை முழுவதும் அவளுடைய அப்பா தைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"அம்மா போன மாசம்தான் ஸ்பொன்சரிலை வந்தவ" என்றாள். "அப்பா இடம்பெயர்ந்த இடத்திலையே செத்துப்போனார். எங்களை ஊராக்களோடை சேத்திருக்கினமோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா. நான் என்ன சொல்ல?"

"எத்தினை பேர் நீங்கள்?"

"அப்பா, அம்மா, நாங்கள் மூண்டு பேர். அஞ்சு."

தலைவரிடம் சொன்னேன். "அவை வந்து குடியிருந்த ஆக்கள். அவைக்கு ஊரிலை காணி இல்லையே" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கள் பதினெட்டு வருசமா இஞ்சை வாடகை வீட்டிலை இருக்கிறியள் அண்ணை. மொன்ட்ரியால்காரர் சனத்தை எண்ணேக்கை உங்களை விட்டிட்டு எண்ணினாச் சரியோ?"

"சரி, போடுங்கோ" என்றார்.

ஒன்றுகூடல் ஒரு பூங்காவில் நடந்தது. கொத்துரொட்டி மணம், பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடும் எங்கள் பிள்ளைகள், வரலாற்றில் தங்கள் பெயரைத் தேடும் ஆண்கள். நல்ல வெயிலிலும் சேலைக்கு மேல் சுவெட்டர் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி தையல்காரரின் மனைவி வந்தார். நானே ஒரு மலரை எடுத்துப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், ஏன் மறைப்பான்?

விரலை வைத்து வாசித்தார். புளியடி வளவு, ஐந்து பேர்.

"ஆறு, பிள்ளை" என்றார்.

"அம்மா, விடுங்கோ" என்றாள் மகள்.

"மூத்தவன். நாப்பது நாள் உயிரோடை இருந்தவன். ஊர்க் கடற்கரையிலைதான் குழி வெட்டித் தாட்டது." குரலில் அழுகை இல்லை, கணக்குத் திருத்துகிற குரல். "நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டு வந்திட்டம். அவன் ஒருத்தன்தான் இன்னும் ஊரிலை இருக்கிறான்."

ஐந்தை வெட்டி ஆறு என்று எழுதினேன். கீழே மொத்தத் தொகையிலும் ஒன்றைக் கூட்டி எழுதி, மலரை அவர் கையில் கொடுத்தேன். பிறகு மேசையில் அடுக்கியிருந்த மற்ற மலர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தத் தொடங்கினேன். தலைவர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்தார்.