பாஸ் முடியட்டும்

எங்கள் ஊரில் பாஸ் என்றால் மேசன். மாத்தளையில் எந்த மொழி பேசுகிறவராக இருந்தாலும் வீடு கட்டுகிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமா மட்டும், யூடியூபில் தமிழ்நாட்டுப் பையன்கள் கேம் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து, கேமின் கடைசியில் வருகிற பெரிய எதிரியையும் பாஸ் என்று சொல்லப் பழகியிருந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் இறந்துபோன பிறகு யட்டவத்தயில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, துணிப்பையும் பழைய கேம் பெட்டியுமாக எங்களோடு வந்து சேர்ந்தார். கட்டாரில் வேலை சரியாகி விசாவும் வந்துவிட்டது. டிக்கெட் போடவா என்று ஏஜென்சிக்காரர் விடாமல் போன் எடுத்தார். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அப்பாவும் கேட்டேவிட்டார். மாமா சோற்றைப் பிசைந்தபடி, "பாஸ் முடியட்டும் மச்சான், அதுக்குப் பொறகு போறேன்" என்றார்.

அப்போது வீட்டின் பின்பக்கம் ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தோம். நாவுலயிலிருந்து ஒரு சிங்கள பாஸ் வந்து வேலை செய்தார். அவருடைய வேலை முடியும்வரை தம்பி கூட நிற்கப் போகிறான் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். நான் கேமைத்தான் நினைத்தேன். வேறு அர்த்தம் இருக்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இத்தனைக்கும் சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். எங்கள் வாசலுக்கு வரும்போது மட்டும் மீன் வைத்த மாலுபாண் தீர்ந்துபோவது எப்படி என்று பாண்கார ஓட்டோவுக்குள் தலையை விட்டுப் பார்க்கிறவள் நான்.

கேமில் வந்த பாஸ் இரும்புத் தொப்பி போட்ட ஓர் அரக்கன், கையில் சம்மட்டி. அடிப்பதற்கு முன் இடது தோளைத் தூக்குவான். அதைக் கண்டதும் உருண்டுவிட வேண்டும். தோளைக் கவனிக்காமல் செத்தால் அது நம் பிழை. அந்தத் தோல்வியில் எனக்குக் கோபம் வராது, இன்னும் ஒருதரம் ஆடத்தான் கை துடிக்கும். ஆனால் மாமா ஆடும்போது நடந்தது வேறு. அரக்கனின் உயிர்க்கோடு நகம் அளவுக்குச் சுருங்கும். அடுத்த நிமிஷம் மாமா செத்துக் கிடப்பார். ஒவ்வொரு நாளும் இதே கதைதான்.

"இது கள்ளாட்டம் மாமா. கடைசியில ரூல்ஸ மாத்துறான்."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா, சோம்பல் முறித்துக்கொண்டு. தோற்றவர் அப்படிச் சோம்பல் முறிக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. அடுத்த நாள் திரையை விட்டுவிட்டு அவருடைய கையைப் பார்த்தேன். அரக்கன் தோளைத் தூக்கும் நேரத்தில், அமத்த வேண்டிய பட்டன்மேல் மாமாவின் விரலே இல்லை.

அம்மாவின் போக்கும் சரியில்லை. பாஸ் கட்டிமுடித்த படியை உடைத்துத் திரும்பக் கட்டச் சொன்னாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு தட்டு வேண்டும் என்றாள், அடித்த பிறகு வேண்டாம் என்றாள். "நேத்து நோனாதானே சரி சொன்னது" என்று பாஸ் அம்மாவிடம் தன் அரைகுறைத் தமிழில் கேட்டார். அவருக்கும் எங்கள் வீட்டின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அக்காவும் தம்பியும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். சேர்ந்து அல்ல, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை மாமா கடைக்குப் போன நேரம் பார்த்து நானே ஆட உட்கார்ந்தேன். செத்தேன், செத்தேன், செத்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது. ஆனால் ஒருதரம்கூட அவன் என்னை ஏமாற்றவில்லை. உயிர்க்கோடு நகம் அளவுக்கு வந்தபோதும் அதே இடது தோளைத்தான் தூக்கினான். உருண்டேன். எழுந்து குத்தினேன். அரக்கன் முழங்கால் மடங்கி விழுந்தான். அதற்கு முன் எதிலுமே நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"மாமா, பாஸ் முடிஞ்சிருச்சு" என்று கத்தினேன்.

அப்போதுதான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமா அப்படியே நின்றார். குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த அம்மா நேரே பின்கதவுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பாஸ் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார்.

"இன்னும் பூசிக்கிட்டுத்தானே இருக்காரு" என்றாள்.

"அந்த பாஸ் இல்லக்கா." மாமா டிவியைக் காட்டினார். "நான் சொன்னது இவனை."

திரையில் கேம் செய்தவர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப அந்தப் படிய நான் சும்மாதான் ஒடைக்கச் சொன்னேனா" என்றாள். மாமா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போனை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போனார். டிக்கெட் போடச் சொல்வது உள்ளே கேட்டது.

அம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இத மறுபடி மொதல்லருந்து வெளையாட ஏலாதா?"

"ஏலும். ஆனா ஜெயிச்சது ஜெயிச்சதுதான்மா."

கேம் பற்றி இந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாமா போனை வைத்துவிட்டு வந்து என் முதுகில் தட்டிக்கொடுப்பார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.